நெஞ்சு என்று சொன்னாள் அம்மா

அம்மா ரவிக்கை போடுவதை நிறுத்தியபோது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கோபம்தான் வந்தது.

2018 ஆடி மாதம். அம்மா விருத்தாசலத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். வயது 66. பழைய பருத்திப் புடவையை மேலே சும்மா சுற்றிக்கொண்டு, வலது பக்கம் துணி உடம்பில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். தம்பி எனக்குப் போன் செய்தான். "மாமனார் வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க, இது இப்பிடி உக்காந்திருக்கு. நீயாவது சொல்லுக்கா." நானும் திருச்சியிலிருந்து போனிலேயே திட்டினேன். "வயசான காலத்துல என்னம்மா இது?" அவள் சொன்ன பதில் ஒரே வார்த்தை. "காந்துதுடி."

அந்தச் சித்திரையில் அவளுக்கு அக்கி வந்திருந்தது. வலது மார்பின் அடியில் தொடங்கி முதுகுவரை பாதி உடம்பைப் பட்டை போல் சுற்றிய கொப்புளங்கள். யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் குயவர் தெருவுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தாள். அங்கே ஒரு வயதான அம்மா கதவைச் சாத்திவிட்டுக் காவி குழைத்துப் பூசியிருக்கிறார். "படிக்காத சனம்" என்று நான் அப்போது சலித்துக்கொண்டேன். அந்த ஊரில் அம்மா கூச்சமில்லாமல் ரவிக்கையைக் கழற்றக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அக்கி என்பது சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் மறுவரவு. அம்மை இறங்கினாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் ஒளிந்திருக்கும். முதுமையில் எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரே ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வரும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எழும்புவது அதனால்தான். 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்கினால் கொப்புளங்கள் சீக்கிரம் ஆறும், ஆரம்ப வலியும் குறையும். அந்த மூன்று நாள் எங்களுக்குத் தெரியாமலே கழிந்துபோனது.

கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. வலி மட்டும் தங்கிவிட்டது. தம்பி அவளை மூன்று டாக்டர்களிடம் அழைத்துப்போனான். அவனைக் குறை சொல்ல முடியாது, கடன் வாங்கித்தான் போனான். மூன்று இடத்திலும் அம்மா சொன்னது ஒன்றே: "நெஞ்சு எரியுது."

பக்கத்தில் மகன் நிற்கிறான், எதிரே அந்நிய ஆண். அவள் வேறெந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியும்? நெஞ்சு எரிகிறது என்றால் டாக்டர்களுக்கு அது நெஞ்செரிச்சல். முதல் டாக்டர் ஈசிஜி எடுத்தார், சரியாக இருந்தது. வாயு என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் வலி ஊசி போட்டு, எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் பெண் டாக்டர். அவர் ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு, "பொழுது போகலையாம்மா? கோயில் குளம்னு போங்க" என்றார். மூன்று பேரும் ஸ்டெதாஸ்கோப்பைப் புடவைக்கு மேலேயே வைத்தார்கள். யாரும் தோலைப் பார்க்கவில்லை.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வெளிவந்து பெரும் சர்ச்சை எழுந்தபோது, அந்தச் சொல்லின் பக்கம் நின்று பேசியவள் நான். உடல் பற்றிய சொற்களைப் பெண்கள் எழுதுவது ஏன் அவசியம் என்று வகுப்பிலும் மேடையிலும் இன்றும் பேசுகிறேன். நான் கூட்டங்களில் தயங்காமல் உச்சரித்த அந்த ஒரு சொல்லை டாக்டரிடம் சொல்ல முடியாமல், என் அம்மா ஏழு மாதம் வாயு மாத்திரை தின்றாள்.

கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தபோது எனக்குக் காய்ச்சல். தெருமுனை டாக்டரிடம் போனேன். முப்பது வருஷமாக அங்கேயே கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர். சளிக்கும் காய்ச்சலுக்கும்தான் அவர் என்பது எங்கள் வீட்டு முடிவு. துணைக்கு வந்த அம்மா என் பக்கத்தில் வழக்கம்போல முந்தானையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். டாக்டர் என் நாடியைப் பிடித்துக்கொண்டே அவள் விரல்களைப் பார்த்தார்.

"உங்களுக்கு அக்கி வந்துச்சாம்மா?"

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். "ஆமா டாக்டர், ஏப்ரல்ல, ஆனா அது ஆறி…"

"அம்மா சொல்லட்டும்" என்றார்.

நர்ஸை உள்ளே கூப்பிட்டுத் திரையை இழுத்தார். என்னை வெளியே இருக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டார், அவள் "இருக்கட்டும்" என்றாள். "என்ன பண்ணுதுன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க." அம்மா சொன்னாள். காந்துது. சுரீர் சுரீர்னு கரண்ட் அடிக்குது. ராத்திரியில எறும்பு ஊறுது. துணி பட்டா உசுரு போவுது.

அவர் ஒரு பஞ்சை எடுத்து முதலில் இடது பக்கம் தடவினார். "பஞ்சுதான்" என்றாள். வலது பக்கம் அதே பஞ்சு பட்டதும் துள்ளிவிட்டாள். பிறகு அதே பட்டையில் ஊசி முனையை லேசாக வைத்தார். அங்கே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, மரத்திருந்தது. பஞ்சு வலிக்கிறது, ஊசி தெரியவில்லை. கேட்பவருக்குப் பொய் போலத் தோன்றும் இந்த முரண்தான் நரம்பு வலியின் அடையாளம் என்று எனக்கு விளக்கினார். காயம் ஆறிவிட்டது, ஆனால் காயப்பட்ட நரம்பு தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அக்கி வந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி நீடித்தால் அதற்குத் தனிப் பெயரே உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை.

பிறகு நானே தேடிப் படித்தேன். குடும்ப மருத்துவர்களும் பயன்படுத்தும் டிஎன்4 என்ற வினாப்பட்டியலில் பத்தே கேள்விகள். எரிச்சல், மின்னதிர்ச்சி, ஊறல், மதமதப்பு, அரிப்பு என்று ஏழு கேள்விகள் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டியவை. தொட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று. பத்துக்கு நான்கு வந்தால் நரம்பு வலி என்று சந்தேகிக்கலாம். அம்மா திண்ணையில் எங்களிடம் சொன்னதெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா உளவியலாளர் வலியைச் சொல்ல நோயாளிகள் பயன்படுத்தும் சொற்களைச் சேகரித்து, 1975இல் 78 சொற்கள் கொண்ட மெக்கில் வினாப்பட்டியலை வெளியிட்டார். கால்களை இழந்த ஒரு வயதான பெண் இல்லாத கால்களின் வலியை விவரித்த விதம்தான் அவரைச் சொற்களைக் குறித்துக்கொள்ளத் தூண்டியது. நான் வருஷா வருஷம் இரட்டைக்கிளவி நடத்துகிறவள். விண்விண், குறுகுறு, மதமத எல்லாம் கரும்பலகையில் எழுதுவேன். அம்மாவின் சுரீர் சுரீர் மட்டும் என் காதில் புலம்பலாக விழுந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்தது அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. பழைய ஈசிஜியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். வாய் உலரும், மலம் இறுகும், காலையில் தலை கனக்கும், ராத்திரி எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுங்கள் என்று அம்மாவிடமே சொன்னார். சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்குப் பெரிதாக உதவாது, தின்று தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். "முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேம்மா. பாதி குறைஞ்சா நமக்கு வெற்றி. ரெண்டு மூணு வாரம் பொறுங்க. இது கேக்கலன்னா கபாபென்டின், பிரிகாபலின்னு வேற இருக்கு."

நான்காம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மருந்துக்கடைப் பையன் தம்பியிடம், "இது மனநோய்க்குக் குடுக்கறதுண்ணே" என்று சொல்லியிருந்தான். ஏற்கெனவே ரவிக்கை போடாதவள், இப்போது பைத்தியத்துக்கும் மாத்திரை. அம்மா அதைத் தாங்க மாட்டாள். மறுபடி டாக்டரிடம் போனோம், இந்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு. மனச்சோர்வுக்கு இதைவிடப் பல மடங்கு அதிக அளவு கொடுப்பார்கள், இந்தச் சிறிய அளவு தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தத்தான் என்று பொறுமையாகச் சொன்னார். "முதல்லயே சொல்லியிருக்கணும், என் தப்பு" என்றும் சொன்னார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

மாத்திரை 25 மில்லிகிராம் ஆனது. கார்த்திகையில் பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டதற்கு, "பன்னெண்டுன்னு போட்டுக்குங்க" என்றவள் மாசியில் "அஞ்சு" என்றாள். தூங்கினாள். நர்ஸ் சொன்ன யோசனைப்படி மெல்லிய மல் துணியில் தொளதொளவென்று ரவிக்கை தைத்துக் கொடுத்தோம். விசேஷத்துக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்வாள். வீட்டில் இன்னும் பழைய கோலம்தான். இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் வலிக்கான தன் வரையறையை 2020இல் திருத்தியது. தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பது அதன் குறிப்புகளில் ஒன்று. உலக அறிஞர்கள் கூடி எழுத வேண்டியிருந்த விஷயம் அது. நான் அம்மாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், "போடி, வேலையப் பாரு" என்பாள்.

ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்கிறேன், மாத்திரை நேரம். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். நேற்று சொன்னாள்: "காந்தல் இல்ல. மாருக்குக் கீழ சும்மா குறுகுறுங்குது."

நெஞ்சு என்று சொல்லவில்லை.