வியர்வைத் தடம்

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் அதன் அடியில் விரித்த துணியைத் திருப்பிப் பார்ப்பேன். முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஈரம் ஒரே அளவாக இறங்கியிருக்கிறதா, நடுவில் எங்காவது காய்ந்த திட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குதிரையைக் குளிப்பாட்ட விடுவேன். செவலையால் வந்த பழக்கம் இது.

செவலை பந்தயத்தில் ஓடி முடித்து எங்கள் சவாரிப் பள்ளிக்கு வந்த பெட்டைக்குதிரை. பந்தயப் புத்தகத்தில் நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. லாயத்தில் அவள் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டே அதுவே பெயராகிவிட்டது. ஏழு வயது, 460 கிலோ, நல்ல மனசு. வந்த இரண்டாவது மழைக்காலத்தில் அவள் நடை கெட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ட்ராட்டில் போகும்போது காதுக்குத்தான் தெரிந்தது. மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும் அந்த ஓட்டம் கடிகாரம்போல ஒலிக்க வேண்டும். இவளுடையது ஒரு தட்டு கனமாகவும் ஒரு தட்டு அவசரமாகவும் ஒலித்தது. இடப்பக்கமாகச் சுற்றும் வட்டத்தில் இடது பின்னங்கால் குட்டையாக விழுந்தது.

குதிரை நொண்டினால் எங்கே தேட வேண்டுமோ அங்கெல்லாம் தேடினோம். குளம்பில் சூடு இல்லை, கணுக்கால் நாடியில் துடிப்பு கூடவில்லை. குளம்பின் அடியில் கல் சிக்கவில்லை. லாடம் அடிப்பவர் லாடத்தைக் கழற்றி ஒவ்வொரு ஆணித்துளையாக அழுத்திப் பார்த்தார். கால்நடை மருத்துவர் காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவைத்தார், எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தோம். நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டபோது இரு திசையிலும் பழுதில்லாமல் ஓடினாள். நான் ஏறினேன். நாலாவது சுற்றில் அந்தக் கோணல் தட்டு திரும்பி வந்தது.

எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் மூத்த சைஸ் மூன்று நாள் பார்த்துவிட்டு, தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஏறுனாத்தான் அவ நொண்டுறா. தம்பி ஏறுனா நொண்டல."

தம்பி என்றது என்னிடம் பயிலும் இளைஞரை. என்னைவிட எட்டுக் கிலோ கூடுதல். அவரை ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். சைஸ் சொன்னது சரி. கூடுதல் எடையோடு செவலை ஒழுங்காக ஓடினாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒரு குதிரையை என் உடம்பால் வதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதைக் கண்டுபிடிக்க அவள் காலை எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். மறுநாள் துணியைத் திருப்பினேன். இடது பின்பக்கம், ஈரத்துக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த திட்டு. அழுத்தம் மிகுந்த இடத்தில் தோல் வியர்க்க முடியாமல் போயிருக்கிறது.

எடை பார்க்கும் கருவிகள் இரண்டை வாங்கிவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு காலுக்கு ஒன்றாக ஏறி நின்றேன். நேராகப் பார்த்து, நேராக நிற்பதாக முழுசாக நம்பிக்கொண்டு நின்றேன். மகள் குனிந்து படித்தாள்: இடது 41, வலது 31.

காரணம் பழையது. பல வருடம் முன்பு பைக் விபத்தில் என் வலது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, இறுக்கம் போகவில்லை. அங்கவடியில் அந்தக் குதிகால் கீழே இறங்காது. குதிகால் இறங்காததால் முழங்கால் சேணத்தைக் கவ்வும். முழங்கால் கவ்வினால் இடுப்பு மேலே ஏறும், வலது விலாவுக்கும் இடுப்புக்கும் இடையே உடம்பு சுருங்கும், புட்டம் இடது பக்கம் வழுக்கும். வலது தோள் தாழும். தோளோடு வலது கையும் தாழ்ந்து கடிவாள வாரைப் பின்னுக்கு இழுக்கும். ஒரு கணுக்காலிலிருந்து குதிரையின் வாய் வரை இத்தனையும் சங்கிலியாகப் போயிருக்கிறது. எனக்கு எதுவும் வலிக்கவில்லை, அதனால் எதுவும் தெரியவும் இல்லை.

குதிரையின் முதுகை மேசைப் பலகைபோல நினைக்கிறோம். அது நான்கு கால் மேல் வைத்த பலகை இல்லை. குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கு இடையே அதன் மார்புக்கூடு தசைகளாலான தூளியில் தொங்குகிறது. சும்மா நிற்கும்போதே உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. மார்புப் பகுதி முள்ளெலும்புகள் பதினெட்டு. சேணம் அவற்றின் பின்பாதியை ஒட்டி, விலா எலும்புகள் தாங்கும் இடத்துக்குள்ளேயே உட்கார வேண்டும். அங்கே முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் நீளத் தசை, பின்னங்கால் ஒவ்வொன்றும் முன்னே வரும்போது மாறி மாறி இறுகித் தளர வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒருவன் மூட்டைபோல அமர்ந்திருந்தால் அந்தப் பக்கத் தசைக்கு எழுந்து கொடுக்க இடமில்லை. காலை நீட்டி வைக்க முடியாது. கால் குட்டையாகிவிடும். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் முதுகு இறுகும், மற்ற மூட்டுகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும், ஒருநாள் எக்ஸ்ரேயில் நிஜமாகவே ஏதாவது தெரியும். நாங்கள் அதற்கு முன்னால் நிறுத்தினோம்.

செவலைக்கு இது இன்னும் கடினமாக இருந்திருக்கும். பந்தய ஜாக்கி முதுகில் உட்காருவதே அபூர்வம். அங்கவடியைக் குட்டையாகக் கட்டி, முழங்காலை மடக்கி, முதுகுக்கு மேலே மிதக்கிறார். 1897-இல் அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் புகழ்பெறச் செய்த பாணி அது. அதுவரை அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துதான் பந்தயம் ஓட்டினார்கள். அந்தக் குனிவு பரவிய ஆண்டுகளில் பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்ததை லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஜாக்கியின் எடையைக் குதிரை சுமக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அந்த எடையையும் சேர்த்து உலுக்கித் தள்ள வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தை ஜாக்கி தன் கால்களில் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கட்டுரையை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். எடை குறையாமலே சுமை குறைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அப்படி முதுகு சுதந்திரமாக ஓடிப் பழகியவள் மேல் நான் 41-க்கு 31 என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திருத்திக்கொள்ள ஐந்து மாதம் ஆயிற்று. என் மாணவரையே எனக்கு ஆசிரியராக்கினேன். சட்டையின் முதுகில் மேலிருந்து கீழாக வெள்ளை டேப் ஒட்டி, பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். டேப்பும் சேணத்தின் நடுத் தையலும் குதிரையின் வாலும் ஒரே கோட்டில் விழ வேண்டும். முதல் வீடியோவில் டேப் அரிவாள்போல வளைந்திருந்தது. அவர் என் இடுப்பைப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தபோது வலது பக்கம் சரிந்து விழப்போவதாகவே தோன்றியது. "போதும்பா, விழுந்துருவேன்" என்றேன். அவர் வீடியோவைக் காட்டினார். கோடு நேராக இருந்தது. என் உடம்பு நேர் என்று சொன்னதெல்லாம் கோணல், கோணல் என்று அலறியதுதான் நேர். அந்த ஐந்து மாதத்தில் எனக்குக் கடினமாக இருந்தது கணுக்கால் பயிற்சி அல்ல. என் உடம்பின் வார்த்தையை நம்பாமல் உட்கார்ந்திருப்பது.

காலுக்குப் பலம் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெலை அப்போது நினைத்துக்கொண்டேன். 1944-இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் என்னும் குதிரையேற்றத் தனிநபர் போட்டியில் வெள்ளி வென்றார், 1956-இலும் வென்றார். குதிரை மேல் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் உதவி வேண்டியிருந்தது. ஏறிய பிறகு இடுப்பும் முதுகும் எடையும் பேசின, குதிரை கேட்டது. எனக்கு ஒரு கணுக்கால்தான் இறுகியிருந்தது. வலது அங்கவடியை ஒரு துளை நீளமாக்கி, பிறகு இரண்டு அங்கவடிகளையும் கழற்றியே வைத்துவிட்டு, தொடை தானாகத் தொங்கும் வரை நடையிலேயே சுற்றினேன்.

நடையை மட்டமாக நினைக்காதீர்கள். நம் நிகண்டுகள் குதிரையின் நடையை ஐங்கதி என்று ஐந்தாக வகுத்து மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் வைத்தன. நின்று பார்த்தவர்கள் அத்தனை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பவன் கண்ணை மூடிக்கொண்டே பார்க்கலாம். குதிரையின் இடது பின்னங்கால் தரையை விட்டு எழுந்து முன்னே வரும்போது வயிறு வலப்பக்கம் ஆடும், முதுகின் இடப்பக்கம் கொஞ்சம் தாழும், நம் இடது இடுப்பும் கூடவே தாழ்ந்து முன்னே போகும். மறுகாலுக்கு மறுபக்கம். என்னிடம் புதிதாக வருகிறவர்களை முதல் வாரம் கயிற்றில் கட்டிய குதிரை மேல் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இடுப்பு தாழும்போதெல்லாம் "இடது", "வலது" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் தப்பாகத்தான் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் காரணம். மூச்சைப் பிடித்தால் விலா இறுகும், விலா இறுகினால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். பாட்டுப் பாடச் சொல்வேன். பாடுகிறவனால் மூச்சைப் பிடிக்க முடியாது. ஒரு சிறுமி பத்தாம் வாய்ப்பாடு சொன்னாள். நாற்பதுக்கு வருவதற்குள் இடுப்பு தளர்ந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்ராட்டில் எழுந்து எழுந்து உட்காரும் முறையில் பலர் எப்போதும் ஒரே மூலைவிட்டத்தில்தான் உட்காருகிறார்கள். குதிரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 75 எட்டு வைக்கிறது. இருபது நிமிடத்தில் 1500 முறை ஒரே ஜோடிக் கால்கள்மேல் உட்காருகிறோம். வட்டத்தில் திசை மாறும்போதெல்லாம் இதை மாற்ற வேண்டும். நேர்ச்சாலையிலும் மாற்ற வேண்டும். நாங்கள் எப்போதும் இடப்பக்கமிருந்தே ஏறுவதால் இடது அங்கவடி வார் நீண்டுவிடும். மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். இதற்குக் காசு ஆகாது, அரை மணி நேரம்கூட ஆகாது. செய்கிற லாயங்கள் குறைவு என்பதுதான் என் ஆதங்கம்.

நொண்டும் குதிரைக்கெல்லாம் சவாரிக்காரன்தான் காரணம் என்று சொல்லவில்லை. குளம்பைப் பாருங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள், அதுதான் முதல் வேலை. எதுவும் கிடைக்காதபோது குதிரையை யாரும் ஏறாமல் ஓடவிடுங்கள், பிறகு வேறொருவரை ஏற்றுங்கள். பொறுப்பாகப் பார்க்கிற ஒரு சைஸ் பக்கத்தில் நின்றால் அவர் வாயைத் திறக்கும்படி நடந்துகொள்ளுங்கள். எங்களவர் மூன்று நாள் தயங்கியிருக்கிறார். அந்த மூன்று நாளும் செவலைதான் சுமந்தாள்.

ஆறாவது மாதம் எடைக்கருவியில் 37-க்கு 35 வந்தது. செவலையின் ட்ராட் சத்தம் சீரானது. சைஸ் எதுவும் சொல்லவில்லை, வேலியில் சாய்ந்து நின்று காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கினேன். துணியின் இடது பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் காய்ந்த திட்டு. நேற்று இரவு மழையில் வெகுதூரம் பைக் ஓட்டி வந்திருந்தேன், கணுக்கால் இறுகியிருந்தது. துணியை வெயிலில் போட்டுவிட்டு, லாயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது பாதத்தைச் சுழற்ற ஆரம்பித்தேன். செவலை கதவுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.