மீகாங்கில் இரண்டு நாள் படகு

தாய்லாந்தின் வடகோடியில், மீகாங் ஆற்றங்கரையில் சியாங் கோங் என்று ஒரு சின்ன ஊர். எதிர்க்கரையில் தெரிவது லாவோஸ் நாட்டின் ஹுவாய் சாய். 2013 வரை முதுகில் பையோடு ஊர் சுற்றும் வெளிநாட்டுப் பயணிகள் இங்கேதான் எல்லை தாண்டினார்கள். துறையில் பாஸ்போர்ட்டில் முத்திரை, படிகளில் இறங்கினால் ஒல்லியான ஒரு படகு, சில நிமிடங்களில் வேறு நாடு. அவ்வளவுதான்!

இத்தனைக்கும் அந்த ஆறு எல்லையானதே 1893-ல்தான். பிரான்ஸ் போர்க்கப்பல்களை பாங்காக்குக்கே அனுப்பி மிரட்டி, சயாமிடமிருந்து இடது கரையைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு முன் இரு கரை மக்களுக்கும் அது வெறும் ஆறு.

2013 டிசம்பரில் பாலம் திறந்தார்கள். அதன்பின் படகு உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்கு வெளியே உள்ள பாலத்துக்குப் போய், பஸ்ஸில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். தாய்லாந்தில் இடப்பக்கம் ஓட்டுவார்கள், லாவோஸில் வலப்பக்கம். அதனால் நடுவில் பஸ் பக்கம் மாறுகிறது. இந்தப் பயணத்தில் 'எல்லை' என்று கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

சரி, படகுக்கு வருவோம். ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு நாள். நீளமான மரப் படகு. உள்ளே பழைய வேன்களிலிருந்து கழற்றிய சீட்டுகள் வரிசையாக இருக்கும். பல படகுகளில் அவற்றைத் தரையோடு முடுக்கியிருக்க மாட்டார்கள், காலால் தள்ளினால் நகரும். பைகள் பலகைக்கு அடியில் போய்விடும். கடைசியில் வருபவர்களுக்கு என்ஜின் பக்கத்து இடம்தான், பிறகு நாள் முழுக்க சைகையில்தான் பேச்சு. புறப்பட்டுக் கொஞ்ச தூரம் வரை வலது கரை தாய்லாந்து. பா தாய் என்ற பாறைப் பகுதியைத் தாண்டியதும் இரண்டு கரையும் லாவோஸ் ஆகிவிடும்.

கையில் பீர்லாவோ பாட்டிலோடு மலையைப் பார்த்துக்கொண்டு, "ஆஹா, என்ன நிதானமான வாழ்க்கை!" என்று பயணிகள் உருகுவார்கள். அதே படகு திடீரென ஒரு மணல்திட்டில் முட்டி நிற்கும். அரிசி மூட்டையோடு ஒரு அம்மா இறங்கி, மேட்டில் ஏறி மரங்களுக்குள் மறைந்துவிடுவார். அங்கே ஒரு ஊர் இருப்பதே அப்போதுதான் தெரியும். அவருக்கு இந்தப் படகுதான் பஸ், இதுதான் லாரி. பயணிகள் காசு கொடுத்து ரசிக்கும் மெதுவான போக்கு அந்த அம்மாவுக்கு வேறு வழியில்லாத மெதுவு. இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து வருகிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

மீகாங்கின் இந்தப் பகுதி முழுக்கப் பாறை. கோடையில் நீர் பல மீட்டர் இறங்க, கறுப்புப் பாறைகள் தலை நீட்டும். மழைக்காலத்தில் அவை மூழ்கிவிடும், ஆனால் அங்கேயேதான் இருக்கும். மேலே தெரியும் சுழிப்பையும் நிறத்தையும் பார்த்து அடியில் என்ன இருக்கிறது என்று படகோட்டி கணிக்க வேண்டும். பல படகுகளில் அவர் குடும்பமும் பின்புறத்திலேயே வசிக்கும். இருட்டில் தண்ணீரைப் படிக்க முடியாது, அதனால்தான் பாதி வழியில் பாக்பெங்கில் இரவுத் தங்கல். சரிவான ஒரே தெரு, இரண்டு பக்கமும் விடுதிகள். 2000-களின் தொடக்கத்தில் அங்கே இரவில் சில மணி நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும். (அவசரக்காரர்களுக்கு ஹெல்மெட் மாட்டி ஒரே நாளில் கொண்டுபோய்விடும் ஸ்பீட் போட் உண்டு. இந்தப் பாறைகளுக்கு நடுவே அது வீண் வம்பு.)

இந்தப் பாதை இன்னும் எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. சாலைகள் மேம்பட மேம்பட உள்ளூர் மக்கள் வண்டிக்கு மாறிவருகிறார்கள். 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து லுவாங் பிரபாங் வழியாக வியன்டியானுக்கு ரயிலும் வந்துவிட்டது. ரயில் வந்ததைக் குறை சொல்ல முடியாது, மூட்டையோடு மணலில் இறங்கும் வேலை மிச்சம்.

அணைகள் கதை அப்படி இல்லை. லுவாங் பிரபாங்குக்குச் சுமார் 25 கிலோமீட்டர் மேலே, புத்தர் சிலைகள் நிறைந்த பாக் ஊ குகைகளுக்குப் பக்கத்தில், 1,460 மெகாவாட் அணை ஒன்று எழுந்துகொண்டிருக்கிறது. கரையோர ஊர்கள் இடம் மாற்றப்படுகின்றன. லுவாங் பிரபாங் 1995 முதல் உலகப் பாரம்பரிய நகரம், அதனால் யுனெஸ்கோவும் கவலை தெரிவித்திருக்கிறது. பாக்பெங்குக்கு மேலே 912 மெகாவாட்டில் இன்னொரு அணை கட்டத் திட்டம். அதன் மின்சாரத்தை வாங்க தாய்லாந்தின் மின் நிறுவனம் 2023-ல் ஒப்பந்தம் போட்டது. அதே அணையின் தேங்குநீர் பா தாய் வரை ஏறித் தங்கள் வயல்களுக்குள் வந்துவிடுமோ என்று தாய்லாந்துப் பக்கத்துக் கிராமத்தார் அஞ்சுகிறார்கள். மின்சாரம் வாங்குவதும் அவர்கள் நாடுதான், பயப்படுவதும் அவர்கள்தான்.

படகுகள் அணையைத் தாண்ட வழி வைப்பார்கள், திட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆறு ஏரியாகத் தேங்கினால் பாறைகள் நிரந்தரமாக ஆழத்துக்குப் போய்விடும். சுழிப்பு இருக்காது, படிக்கவும் ஒன்றும் இருக்காது. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ராத்திரியிலும் ஓட்டலாம். அப்போது பாக்பெங்கில் இறங்கி அறை கேட்க யார் வருவார்கள் என்பதை அந்த ஒற்றைத் தெரு விடுதிக்காரர்கள் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.