லியோன் நகரில் ஒரு தறிச் சத்தம்

என் கணவருக்கு பிரான்ஸில் இரண்டு வருஷ வேலை என்றதும், எல்லோரும் ஈபிள் டவரைப் பற்றித்தான் பேசினார்கள். நாங்கள் போனதோ லியோன் நகரத்துக்கு. அவர் ஆபீஸில் இங்கிலீஷை வைத்துச் சமாளித்துவிட்டார். கடை கண்ணி, டாக்டர், அக்கம்பக்கம் எல்லாம் என் தலையில். வாரம் மூன்று நாள் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன்.

பாடமெல்லாம் நன்றாகவே வந்தது. ஆனால் எதிர்வீட்டுப் பாட்டியிடம் 'போன்ஷூர்' சொன்னதோடு தொண்டை அடைத்துக்கொள்ளும். பகல் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை இரண்டு வயசு மகள்தான். அந்தத் தனிமை, வெளிநாட்டில் குழந்தையோடு இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

செப்டம்பரில் ஒரு நாள் டீச்சர் சொன்னார்: "இந்த சனி, ஞாயிறு யாரும் வீட்டுல இருக்காதீங்க. பாரம்பரிய நாட்கள்!"

வருஷா வருஷம் செப்டம்பர் மூன்றாவது வாரக் கடைசியில் பழைய மாளிகைகள், அரசு அலுவலகங்கள், பட்டறைகள் என்று மற்ற நாளில் உள்ளே விடாத இடங்களைக்கூட ஜனங்களுக்குத் திறந்து விடுகிறார்கள். பெரும்பாலும் இலவசம். 1984-ல் கலாசார அமைச்சர் ஜாக் லாங் தொடங்கி வைத்தது. 1991-லிருந்து மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் பரவிவிட்டது. பாரிஸில் ஜனாதிபதி மாளிகையைப் பார்க்க மணிக்கணக்கில் க்யூ நிற்குமாம்!

நாங்கள் முதலில் நகர மண்டபத்துக்குப் போனோம். சரவிளக்கும் தங்கப்பூச்சும். கால் வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம் க்ருவா ரூஸ் மேட்டுக்கு ஏறினோம். பட்டு நெசவாளர்கள் குடியிருந்த பகுதி. கூலிக்காக 1831-ல் அவர்கள் பெரிய கலகமே செய்திருக்கிறார்கள். அங்கே வீடுகளின் கூரை நாலு மீட்டர் உயரம். ஏன் தெரியுமா? தறிக்காக! தறிமேல் ஒரு பெட்டி, அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கின. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காஞ்சிபுரத்தில் எங்கள் தாத்தா தறியில் இருந்த அதே ஜக்கார்டு பெட்டி! அதைச் செய்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1752-ல் பிறந்தது இந்த லியோனில்தானாம்.

"எங்க ஊர்லயும் இது இருக்கு" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். இலக்கணமாவது ஒன்றாவது! நெய்துகொண்டிருந்த பெரியவர் தறியை நிறுத்திவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். சேலை எத்தனை முழம், ஜரிகை எப்படி என்று ஒரே கேள்வி. கோர்வையை விளக்க வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டு கை விரல்களையும் கோத்து, "இது கரை, இது உடம்பு" என்று காட்டினேன். சட்டென்று புரிந்துகொண்டார். நெசவுக்காரர் இல்லையா!

முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறோம். என்னவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இன்றைக்கும் என் பிரெஞ்சில் சமையல் வார்த்தைகளைவிடத் தறி வார்த்தைகள்தான் அதிகம்.

உங்கள் வீட்டிலும் யாராவது அந்தப் பக்கம் போனால் சொல்லி வையுங்கள். ஜெர்மனியில் செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு. குழந்தைக்கு பிஸ்கட்டும் தண்ணீரும் மறக்க வேண்டாம். தள்ளுவண்டி மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய கட்டடங்களில் படியோ படி!