அப்பாவின் கை போன இடம்

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கச் சொல்றாங்கம்மா" என்று அப்பா போனில் சொன்னபோது, அவர் குரலே சரியில்லை. பத்து வருட லேப்டாப். அம்மாவின் போட்டோக்கள், அப்பா பாதி எழுதிய எங்கள் ஊர் வரலாறு எல்லாம் அதில்தான்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் புது பிராசசர் இதில் இல்லை. ஆனால், 4 ஜிபி ரேமோடு அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனதும், முதல் வேலையாக எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். லினக்ஸ் போடுவது என்று முடிவு. எந்த லினக்ஸ்?

நான் பயன்படுத்துவது ஃபெடோரா. ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும்; ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான். வருஷா வருஷம் மாற்றித்தர நான் பக்கத்தில் இல்லையே!

இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸில் பெரிய வசதி. உபுண்டுவைக் காட்டினேன். "ஸ்டார்ட் எங்கேம்மா?" என்று தேடினார். அடுத்து லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ வகை. இடது கீழ் மூலைக்கு அப்பாவின் கை தானாகப் போனது. மெனு அங்கேயே இருந்தது!

வைஃபை, பிரின்டர் இரண்டும் வேலை செய்தன. ஊர் வரலாற்றைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. அப்பாவின் முகம் வாடிவிட்டது. எனக்கும் கை நடுங்கியது. பிறகுதான் உறைத்தது, அவர் டைப் செய்தது யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில். விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டதும், வரிகள் தமிழாகின. அதன்பிறகே இன்ஸ்டால் செய்தேன். ஐந்து வருடம் அப்டேட் வரும் பதிப்பு.

"இதுக்குப் பேரு என்ன?"

"மின்ட். புதினாப்பா."

"துவையல் பேரா வெச்சிருக்காங்க?" வெகுநாள் கழித்து அப்பா சிரித்தார்.

எது சிறந்த லினக்ஸ் என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்கிறேன், "யாருக்கு?"

நேற்று மெயிலில் வந்தது, ஊர் வரலாற்றின் ஏழாம் அத்தியாயம்.