காற்றுக்கு ஒரு சுவர்

நீங்கள் கடைசியாக லீவ் போட்டது எப்போது?

அவசரப்பட்டு பதில் சொல்லாதீர்கள். மச்சினன் கல்யாணம், பேத்தி காதுகுத்து, வைரல் காய்ச்சல், கேஸ் சிலிண்டர் வருகிற நாள்... இதெல்லாம் கணக்கில் வராது. காலையில் எழுந்து, 'இன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் கிடையாது' என்று சொல்லிக்கொண்டு, அதற்காக வெட்கப்படாமல் உட்கார்ந்திருந்த நாளைக் கேட்கிறேன்.

எனக்கு அப்படி ஒரு நாள் முதல்முறையாக வாய்த்தது அறுபத்திரண்டாவது வயதில். 2023 அக்டோபரில். லான்சரோட்டே என்கிற தீவில்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நானும் முதலில் ஏதோ மருந்துப் பெயர் என்றுதான் நினைத்தேன். ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு. ஆனால், இருப்பது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில். மொராக்கோ கரையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில், அட்லாண்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் கேனரி தீவுகளில் ஒன்று. பரப்பளவு 846 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்கு. அவ்வளவுதான்.

மாட்ரிட்டில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். போன மூன்றாம் நாளே என் மனைவி அந்த வீட்டுச் சமையலறையைக் கைப்பற்றிவிட்டாள். நான் பால்கனியில் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டேன். மகள் பார்த்தாள். "அம்மா, இதைச் செய்யவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, விமான டிக்கெட்டை நீட்டினாள். மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

"அங்க என்னடி இருக்கு?"

"வெயில், காற்று, பீச், எரிமலை."

"ஏங்க, இவ என்ன சொல்றா பாருங்க. வெயிலும் மணலும் பார்க்கவா போகணும்? திருவான்மியூர்ல இல்லாத வெயிலா?"

நியாயமான கேள்வி. நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள். ஆகவே, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வெயில். நம் ஊர் வெயில் நம்மை அடிக்கும். 'வெயில் அடிக்கிறது' என்றுதானே சொல்கிறோம்? அங்கே அது தடவிக் கொடுக்கிறது. கோடையில்கூட பெரும்பாலும் முப்பது டிகிரிக்குள் அடங்கிவிடும். குளிர்காலத்தில் பகலில் இருபதை ஒட்டி நிற்கும். சஹாராவுக்கு எதிர்வாசலில் இருந்துகொண்டு இது எப்படி என்றால், எல்லாம் காற்றின் புண்ணியம். (அபூர்வமாக அந்தப் பாலைவனத்திலிருந்தே புழுதிக்காற்று வருவதும் உண்டு. அந்த நாட்களில் வானம் டீத்தூள் நிறமாகிவிடும் என்றார்கள். எங்களுக்கு அந்த பாக்கியம் இல்லை.)

அடுத்தது அந்தக் காற்று. பள்ளிக்கூடத்தில் 'வியாபாரக் காற்று' என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு மறுநாளே மறந்துவிட்டோமே, அதேதான். வடகிழக்கிலிருந்து வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வீசுகிறது. 1492-ல் இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், இதே கேனரி தீவுகளில் கப்பலைச் சரிபார்த்துக்கொண்டு, இந்தக் காற்றைப் பிடித்துத்தான் மேற்கே போய் வேறெங்கோ இறங்கினார். அப்பேர்ப்பட்ட காற்றுக்கு என் மனைவியின் முந்தானை எம்மாத்திரம்? முதல் நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இரண்டாம் நாள் மகளுடைய சுடிதாருக்கு மாறிவிட்டாள். முப்பத்துநான்கு வருஷத்தில் நான் சொல்லி நடக்காததைக் காற்று ஒரே நாளில் சாதித்துவிட்டது.

கடற்கரை? காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தெற்குக் கோடியில் பாப்பகாயோ. சிறு குன்றுகள் மறைப்பதால் காற்று அவ்வளவாக எட்டாத, பொன்னிற மணல் கொண்ட குட்டிக் குட்டிக் கரைகள். தண்ணீர் கண்ணாடி. வடமேற்கில் ஃபமாரா. பின்னால் செங்குத்தான மலைச்சுவர், முன்னால் ஓயாத அலை, அதன்மேல் பலகை வைத்து சறுக்கும் பிள்ளைகள். மேற்கே எல் கோல்ஃபோ என்ற இடத்தில் கறுப்பு மணல். பக்கத்திலேயே பாசியால் பச்சையாகிப் போன ஒரு குட்டை. கறுப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே பார்வையில்! சுண்டல்தான் கிடைக்கவில்லை. அதற்குப் பதில், உப்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோல் சுருங்கிய உருளைக்கிழங்கும், மிளகாய் பூண்டு அரைத்த 'மோஹோ' என்ற சட்னியும் தருகிறார்கள். வறுத்த தானியத்தை மாவாக்கி 'கோஃபியோ' என்று சாப்பிடுகிறார்கள். என் மனைவி ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்து, "நம்ம சத்துமாவுங்க இது!" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தீவு அவள் கண்ணுக்கு ஊராகத் தெரிய ஆரம்பித்தது.

இனி நெருப்பு. 1730 செப்டம்பர் 1-ம் தேதி இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் பூமி திறந்துகொண்டது. யாய்சா என்ற ஊரின் பாதிரியார் எழுதி வைத்த குறிப்பிலிருந்து இது தெரிகிறது. ஒரு நாள், ஒரு மாசம் இல்லை சார், 1736 வரை! அணைவதும் எரிவதுமாக ஐந்தரை வருஷத்துக்கும் மேல். தீவில் கிட்டத்தட்ட கால் பங்கு லாவாவுக்கு அடியில் போயிற்று. நல்ல விளைநிலங்களும் கிராமங்களும் இருந்த பகுதி அது.

அந்த இடம் இப்போது திமான்ஃபாயா தேசியப் பூங்கா. ஒரு குழியில் காய்ந்த முள்செடியைப் போடுகிறார்கள். சற்று நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கிறது. தரையில் பதித்த குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரு விநாடி அமைதி. அப்புறம் 'புஸ்ஸ்' என்று ஆவி ஆள் உயரத்துக்கு மேல் சீறுகிறது. 13 மீட்டர் ஆழத்தில் 600 டிகிரி வரை வெப்பம் இருக்கிறதாம். அங்கேயே ஓர் உணவகம். அடுப்பே கிடையாது, பூமியின் சூட்டில்தான் சமையல். கேஸ் சிலிண்டருக்காக லீவ் போட வேண்டாம்.

"மறுபடி வெடிக்குமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் மனைவி. இந்தத் தீவில் கடைசியாக வெடித்தது 1824-ல். ஆனால் இதே கேனரி கூட்டத்தைச் சேர்ந்த லா பால்மாவில் 2021 செப்டம்பரில் ஆரம்பித்து 85 நாட்கள் எரிமலை கக்கியிருக்கிறது. இதை அவளிடம் விமானத்தில் திரும்பும்போது சொன்னேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பயண ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

திமான்ஃபாயாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் லா ஹேரியா என்று ஓர் இடம். கண்ணுக்கெட்டிய வரை கறுப்புச் சாம்பல். அதில் ஆயிரக்கணக்கில் குழிகள். சில குழிகள் மூன்று மீட்டர் ஆழம்கூட இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரே ஒரு திராட்சைக் கொடி. காற்று வரும் பக்கத்தில் மட்டும், சிமென்ட் இல்லாமல், கல்லின்மேல் கல் அடுக்கி அரைவட்டமாக ஒரு சின்னச் சுவர்.

எரிமலை ஓய்ந்த பிறகு அந்த ஊர் விவசாயிகள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். தங்கள் நிலத்தைக் கெடுத்த அதே கறுப்புப் பொடி, இரவில் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது, பகலில் ஆவியாக விடுவதில்லை. அங்கே வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 150 மில்லிமீட்டர். (சென்னையில் 1,400.) ஆறு கிடையாது. ஆகவே சாம்பலைத் தோண்டி, அடியில் புதைந்த பழைய மண்ணைத் தொட்டு, அதில் கொடியை நட்டார்கள். ஈரத்துக்கு வழி பிறந்தது. காற்று? அதற்குத்தான் சுவர். அந்தத் திராட்சையில் வரும் ஒயினுக்கு நல்ல பெயர். ருசி பார்த்தேனா என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தை என் மனைவி தவறாமல் படிக்கிறாள்.

"ஒரே ஒரு கொடிக்கா இவ்ளோ பாடு?" என்றாள் அவள், குழியை எட்டிப் பார்த்து.

எனக்குச் சட்டென்று ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

மத்திய அரசு உத்தியோகம். எங்களுக்கு ஈ.எல். வருஷத்துக்கு 30 நாள் கணக்கில் சேரும். ஓய்வு பெறும்போது 300 நாள் வரை காசாக்கிக்கொள்ளலாம். அந்த முந்நூறு நிரம்பிவிட்டால், அதற்கு மேல் எடுக்காத லீவ் எல்லாம் வீண்தான். அவருக்கு முந்நூறு எப்போதோ நிரம்பிவிட்டது. அப்புறமும் எடுக்க மாட்டார். "நான் போயிட்டா சீட்டை யார் பார்ப்பா?" என்பார். மனைவி ஒருமுறை ஊட்டிக்குப் போகலாம் என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார். "ரிட்டயர் ஆனதும் ஊர் ஊரா சுத்தத்தானே போறோம்!"

2016-ல், ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை ஷூ போடக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாளே அந்த சீட்டை வேறொருவர் பார்த்தார். ஒரு ஃபைல்கூட நிற்கவில்லை.

லீவ் பணத்துக்கான தாள்களில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனது நான்தான். அந்த அம்மா 300 என்ற எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுல ஒரு பத்து நாள் எங்களுக்குக் குடுத்திருக்கலாம்ல சார்?" என்றார். அழவில்லை. கேட்டார். அவ்வளவுதான்.

அன்று இரவே நான் முடிவெடுத்துவிட்டேன். இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவையாவது லீவ் போட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்காவது போவது.

மறுநாள் ஒன்பதரைக்கு ஆபீஸில் இருந்தேன். ஐந்து வருஷம் கழித்து, 300 நாளையும் காசாக்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். மனிதன் அவ்வளவு சீக்கிரம் திருந்துவதில்லை. நானாவது காசாக்கினேன். என் மனைவிக்கு லீவ் கணக்கு என்று ஒன்று இருந்ததே இல்லை.

அந்தச் சுவரைப் பாருங்கள். முழு வட்டம் இல்லை. காற்றை அது நிறுத்துவதும் இல்லை. காற்று மேலே வீசிக்கொண்டேதான் இருக்கிறது. கொடிக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தருகிறது. அவ்வளவே. லீவ் என்பதும் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. பிரச்னை தீராது. கடன் தீராது. வருஷத்தில் ஒரு பத்து நாள், நாலு கல் அடுக்கிக்கொள்வது. அது இல்லாமலும் கொடி உயிரோடு இருக்கலாம். காய்ப்பது சந்தேகம்.

அந்தத் தீவுக்கே இப்படி ஒருவர் சுவர் கட்டியிருக்கிறார். செஸர் மன்ரிகே. உள்ளூர்க்காரர், ஓவியர். நியூயார்க்கில் இருந்துவிட்டு 1966-ல் ஊர் திரும்பியபோது டூரிஸ்ட் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. பெட்டி பெட்டியாக உயர்ந்த ஹோட்டல்கள் வேண்டாம், ரோட்டோரம் விளம்பரப் பலகை வேண்டாம், வெள்ளைச் சுவரும் பச்சைக் கதவுமாக நம் பழைய வீடுகள் போலவே கட்டுவோம் என்று அதிகாரிகளிடமும் மக்களிடமும் ஓயாமல் பேசினார். லாவா உறைந்தபோது உண்டான குமிழிகளுக்குள்ளேயே தன் வீட்டைக் கட்டினார். 1992-ல் கார் விபத்தில் போய்விட்டார். இன்றைக்கு அந்தத் தீவின் விமான நிலையம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தீவில் பெரும்பாலும் எங்கே நின்றாலும் கட்டடம் மறைக்காமல் மலை தெரியும்.

அந்தச் சுவருக்கும் இப்போது சோதனை. வருஷத்துக்கு 30 லட்சத்துக்கும் மேல் விருந்தாளிகள். நாங்கள் திரும்பிய பிறகு, 2024 ஏப்ரல் 20-ம் தேதி, கேனரி தீவுகளில் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். வாடகை எகிறுகிறது, தண்ணீர் போதவில்லை, எல்லாவற்றுக்கும் ஓர் அளவு வேண்டும் என்று. கோபம் நம்மீது இல்லை, அளவில்லாமையின் மீது. ஆகவே, போனால் உள்ளூர்க்காரர் கடையில் சாப்பிடுங்கள். ஷவரைத் திறந்துவிட்டுப் பாடாதீர்கள். குடிநீரே கடலைக் காய்ச்சி எடுப்பதுபோலக் கஷ்டப்பட்டு எடுப்பதுதான். நினைவுக்கு என்று ஒரு கறுப்புக் கல்லைக்கூட எடுத்து வராதீர்கள்.

கடைசி நாள் சாயங்காலம் பாப்பகாயோவில் உட்கார்ந்திருந்தோம். மகள் தண்ணீருக்குள். மனைவி மணலில் காலை நீட்டிக்கொண்டு, கையில் கீரை இல்லாமல், மடியில் பூத்தொடுக்கும் நார் இல்லாமல், சும்மா இருந்தாள். அப்படி அவளைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "நாளைக்குக் காலைல என்ன வேலை?" என்றாள்.

"ஃபிளைட் சாயங்காலம்தான். காலைல ஒண்ணும் இல்ல."

"நிஜமாவா?" என்றாள். அறுபது வயசு முகத்தில் அப்படி ஒரு திருட்டுச் சிரிப்பு.

லான்சரோட்டே எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, தெரியும். தரங்கம்பாடியாக இருக்கட்டும், ஏலகிரியாக இருக்கட்டும். நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையாக உங்கள் லீவ் கணக்கில் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து அந்த எண்ணை உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்.

மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.