எரியாத காயில்

தோழியரே! மின்சாரக் கிட்டார் ஒன்றைப் பழுது பார்த்த கதையைச் சொல்லப் போகிறோம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதில் எங்கள் அசட்டுத்தனமும் நிறைய இருக்கிறது. பிறர் அசட்டுத்தனத்தைப் படிக்க யாருக்குத்தான் கசக்கும்?

ஆண்டு விழாவுக்கு ஒன்பது நாள்களே இருந்தன. எங்கள் பாடற்குழுவின் கிட்டார், பழைய மாணவி ஒருவர் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தது. தந்திகளின் கீழே அதற்கு இரண்டு பிக்கப்கள் உண்டு. கழுத்துப் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் பக்கம் ஒன்று. அவற்றுள் எது பேச வேண்டும் என்பதை ஒரு மூன்று நிலை சுவிட்ச் தீர்மானிக்கும். கழுத்துப் பக்கம் தள்ளினால் குழைவான ஒலி. பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் கூர்மையான ஒலி. நடுவில் நிறுத்தினால் இரண்டும் கலந்து வரும். அன்று மாலை பிரிட்ஜ் பக்கம் தள்ளினோம், சத்தமே இல்லை. எங்கள் பாட்டோ அந்தக் கூர்மையான ஒலியில்தான் தொடங்க வேண்டும்.

கடைசியாக அதை வாசித்தவள் எங்கள் குழுவின் ஐந்தாமவள். "நீதான் கீழே போட்டிருப்பாய்" என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. நால்வருமே சொன்னோம் என்பது மட்டும் உண்மை. "நான் போடலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுநாளிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை.

நகரத்தில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கிட்டாரைக் கொடுத்தனுப்பினோம். "காயில் எரிந்துவிட்டது. புதிது வர மூன்று வாரம் ஆகும்" என்ற பதிலோடு அது திரும்பி வந்தது. "கிட்டார் இல்லாமலே பாடிவிடுங்கள்" என்றார் பாட்டு டீச்சர். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் பீளமேட்டில் இருக்கிறார். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அவர், நாங்கள் குற்றம் சாட்டியவளின் அப்பா!

வேறு வழியில்லை, போனோம். கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்தாள், "அப்பா உள்ளே இருக்கார்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"வாங்க அம்மிணி, வாங்க" என்று வரவேற்ற அவர், நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்தார். கிட்டாரின் மேல் குனிந்து முகர்ந்து பார்த்தார்! "எரிஞ்ச காயிலுன்னா வாசம் அடிக்கோணும் கண்ணு. இதுல ஒண்ணும் எரியலியே. இதுக்குக் கரண்டு எங்கிருந்து வருது?"

"ஆம்ப்ளிஃபையரிலிருந்து" என்றோம், தெரிந்தவர்களைப் போல.

"இதுக்குள்ள கரண்டு போறதில்லப்பா. இதுலிருந்துதான் வருது" என்றது கதவோரத்துக் குரல்.

அவள் சொன்னதே சரி. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி எனாமல் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு காயில். கம்பியின் பருமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், தலைமயிர் அளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. காயிலில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அது எரிவதற்கு அங்கே என்ன இருக்கிறது? கம்பி அறுந்து போகலாம்; இணைப்பு விட்டுப் போகலாம். மோட்டார் மின்சாரத்தை வாங்கி அசைவைத் தருகிறது; இதுவோ அசைவை வாங்கி மின்சாரத்தைத் தருகிறது. "அப்ப இது தலைகீழ் மோட்டாரு" என்று அவர் சிரித்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமையை ஒரு வரி சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகிய மண் இது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதல் மின் மோட்டாரைச் செய்தளித்தது இதே பீளமேட்டில், ஆண்டு 1937. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம் என்பவர், வாணலி போலிருந்த தம் மின்சாரக் கிட்டாருக்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1937-இல்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் எங்களுக்கு இது பிடித்திருக்கிறது.

இனி சோதனை. கிட்டாரைத் திறக்கவே வேண்டியதில்லை என்றாள் அவள். ஜாக்கில் ஒயரைச் செருகி, வால்யூம் குமிழை முழுவதும் திருப்பி வைத்து, ஒயரின் மறுமுனையில் பள்ளி ஆய்வகத்து டிஜிட்டல் மல்டிமீட்டரைப் பிடித்தோம். கழுத்து நிலையில் 7 கிலோ ஓம். அந்தக் காயில் நலம். நடு நிலையிலும் அதே 7. இரண்டு காயில்களும் பக்க இணைப்பில் சேர்ந்திருந்தால் அது ஏறக்குறைய மூன்றரையாகக் குறைந்திருக்க வேண்டாமா? பிரிட்ஜ் நிலையில் 240 என்று காட்டியது. அது காயிலே அல்ல, வால்யூம் குமிழின் தடை மட்டுமே. ஆகவே பிரிட்ஜ் பிக்கப் மின்சுற்றுக்குள் வந்து சேரவில்லை. காயில் அறுந்ததா, வழியில் விட்டதா என்பதே மிச்சக் கேள்வி.

மூடியைக் கழற்றினோம். "அடையாளம் கட்டிட்டு எடுங்க" என்று அவள் சொன்னது காதில் விழுந்தும், அவசரத்தில் பிரிட்ஜ் பிக்கப்பின் இரு கம்பிகளையும் அப்படியே பிரித்து, நேராகக் காயிலை அளந்தோம். 6.8 கிலோ ஓம்! காயில் குத்துக்கல்லாக நன்றாக இருந்தது. பழுது சுவிட்சின் காலில். அங்கே வைத்திருந்த ஈயம் மங்கிய உருண்டையாக இருந்தது. நகத்தால் நெம்பியதும் கழன்று வந்தது. "ஈயம் புடிக்கவே இல்லை. செய்யறப்பவே சும்மா மேல உக்காந்திருக்குது. யார் கையில இருந்திருந்தாலும் ஒரு நாள் விட்டிருக்கும்" என்றார் அப்பா.

பட்டறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். நால்வரும் ஒரே சமயத்தில் கேட்டதால் ஒன்றும் விளங்கியிருக்காது. "இந்த ஒயரைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள் அவள், சால்டரிங் அயனை எடுத்துக்கொண்டு.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. பிரிட்ஜ் நிலையில் கூர்மையான ஒலி வந்தது. கழுத்தில் குழைவு வந்தது. ஆனால் நடுவில் நிறுத்தினால் ஜலதோஷம் பிடித்தவர் மூக்கால் பாடுவதைப் போல ஓர் ஒலி! மீட்டரோ மூன்றரைக்குச் சற்றுக் குறைவாக, மிகச் சரியாகக் காட்டியது. தனித்தனியே நன்றாகப் பேசும் இருவர் ஒன்று சேர்ந்ததும் மெலிவானேன்?

வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட அப்பா, "இது ஸ்டார்ட்டு எண்டு மாறுன கதை" என்றார். மூன்று பேஸ் மோட்டாரில் ஒரு காயிலின் தொடக்கமும் முடிவும் இடம் மாறிவிட்டால் மோட்டார் உறுமுமே தவிர இழுக்காதாம். இங்கேயும் அதுதான். ஒரு பிக்கப் மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கிறது. கனத்த ஒலிகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ள, மிஞ்சியது கீச்சொலி. மாற்றி வைத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. பிரித்தது நாங்கள், பழுத்து ஒரே நிறமாகிவிட்ட இரு கம்பிகளை "இது இங்கே, அது அங்கே" என்று அடித்துச் சொன்னதும் நாங்களே.

இதைக் கண்டுபிடிக்க டிஜிட்டல் மீட்டர் உதவாது என்று தம் பழைய முள் மீட்டரை எடுத்துவந்தார். அதை மிகச் சிறிய டி.சி. அளவில் வைத்து ஜாக்கின் ஒயரில் இணைத்தார். ஸ்குரு டிரைவரின் இரும்பு நுனியைக் கழுத்துப் பிக்கப்பின் மேல் மெல்ல வைத்ததும் முள் மயிரிழை அளவு வலப்புறம் துள்ளியது, எடுத்ததும் இடப்புறம். பிரிட்ஜ் பிக்கப்பில் வைத்தபோது முதல் துள்ளலே இடப்புறம்! கம்பிகளை மாற்றி ஈயம் வைத்தாள். இரண்டும் ஒரே பக்கம் துள்ளின. நடு நிலையில் ஒலி நிறைந்து வந்தது. நாங்கள் கைதட்டியதில் அடுத்த பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

விழாவில் அவளே வாசித்தாள். அப்பா கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். எல்லாரும் பாட்டைப் பற்றிப் பேச, அவர் மட்டும், "பாட்டு நின்னப்பக்கூட ஒரு உறுமல் கேட்டுதே, அது எதுக்கு?" என்றார். ஒற்றைக் காயில் பிக்கப்கள், சுற்றியுள்ள மின் கம்பிகளும் டியூப் லைட் சோக்குகளும் விடும் 50 சைக்கிள் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும் என்றோம். 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் என்பவர் இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்து, இரைச்சல் அழியவும் இசை கூடவும் வழி செய்ததையும் சொன்னோம்.

"எதிர்ச் சுத்தா? ரெண்டு காயிலா?" என்று யோசித்தவாறே போனார். 0.06 கம்பி எங்கே கிடைக்கும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.