ரிவர்ஸ்டன் நீரும் நமது உடையும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலையேறினால் ரிவர்ஸ்டன் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் காற்று ஆளையே தள்ளும். இங்கே ஊறும் ஓடைகள் அம்பன் கங்கை வழியாக மகாவலியைச் சேர்கின்றன.

அந்தத் தெளிந்த நீரைப் பார்க்கையில் நமது உடையும் நினைவுக்கு வரவேண்டும். ஒரு பருத்தி ரீசேர்ட் உருவாகச் சுமார் 2,700 லீற்றர் நீர் செலவாகிறது. அதை எறிந்தால் அந்த நீரும் வீண். பொலியெஸ்டர் துண்டுகளோ எளிதில் மக்குவதில்லை.

அண்டை மாவட்டமான குருநாகலில் 1991இல் தொடங்கிய ‘செலின்’ கைத்தறி நிறுவனத்தில், மிஞ்சும் துணிகள் பெண்களின் கைகளில் பொம்மைகளாகின்றன.

நம் அம்மாமாரும் பழைய சேலையைத் தொட்டிலாக்கினார்கள், கந்தலானபின் கால்துடைப்பானாக்கினார்கள். அந்தச் சிக்கனத்தை ஆடைத் தொழிற்சாலைகளும் கைக்கொள்ள வேண்டும். சகோதரிகளே, நாமும் கிழிந்ததை எறியுமுன் ஊசியை எடுப்போம்.